நோக்கியா காலி செய்த நான்கு ஊர்கள்: வேலை வெளிநாடு போனால் யாருக்கு நட்டம்?

2008 ஜனவரி 15 அன்று, ஜெர்மனியின் போஹும் நகரில் இருந்த தன் செல்பேசி ஆலையை மூடப்போவதாக நோக்கியா அறிவித்தது. அங்கே 2,300 நிரந்தர ஊழியர்கள் இருந்தார்கள். ஏஜென்சிகள் வழியாக வந்த தற்காலிகத் தொழிலாளர்கள் தனியாகச் சுமார் ஆயிரம் பேர். வேலை ருமேனியாவுக்குப் போகிறது, ஜெர்மனியில் ஒரு தொழிலாளிக்கு ஆகும் செலவு ருமேனியாவைப் போலப் பத்து மடங்கு என்று காரணம் சொன்னார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முந்தைய ஆண்டின் லாபம் 720 கோடி யூரோ என்று அதே நிறுவனம் கணக்கு வெளியிட்டது. ஊர் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

வேலைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஒரு நாட்டின் தொழிலாளர்களுக்கு உண்மையிலேயே கெடுதலா என்ற வாதம் பெரும்பாலும் இரண்டு பக்கமாக நின்றுவிடுகிறது. கெடுதல் என்று தொழிற்சங்கங்கள் சொல்லும். மொத்தக் கணக்கில் நாட்டுக்கு லாபம்தான் என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வார்கள். நோக்கியாவின் கதையை எடுத்துக்கொள்ளக் காரணம், அதில் ஒரே நிறுவனம், ஒரே பொருள், ஏழே ஆண்டுகளுக்குள் நான்கு ஊர்களில் ஆலையை மூடியது. 2008-ல் போஹும், 2011-ல் ருமேனியாவின் ஜூகு, 2012-ல் நோக்கியாவின் சொந்த நாடான பின்லாந்தின் சலோ, 2014-ல் நம் ஸ்ரீபெரும்புதூர். ஹங்கேரியின் கொமாரோம், மெக்சிகோவின் ரெய்னோசா என்று இன்னும் சில ஊர்களும் அடிபட்டன. ஆனால் இந்த நான்கை வரிசையாக வைத்தாலே விஷயம் தெளிவாகிவிடும். இவற்றில் இரண்டு ஊர்கள் முதலில் வேலையைப் பெற்றவை, அப்புறம் இழந்தவை.

போஹும்

போஹும் இருக்கும் ரூர் பகுதிக்கு ஆலை மூடுவது புதிதல்ல. போஹும் ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். 1973-க்குள் அங்கே கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. நிலக்கரி சரிந்துகொண்டிருந்தபோது, 1962-ல், பழைய சுரங்க நிலத்தில் ஓப்பல் கார் ஆலை வந்தது. நோக்கியா நடத்திய ஆலையும் முதலில் தொலைக்காட்சிப் பெட்டி செய்த இடம்தான். 1988-ல் அதை வாங்கிய நோக்கியா, சில ஆண்டுகளில் தொலைக்காட்சியைக் கைவிட்டு செல்பேசிக்கு மாறியது. அந்த ஊர்க்காரர்கள் தொழில் மாறுவதை இரண்டு தலைமுறையாகப் பார்த்தவர்கள். அவர்களுக்கே இந்த முறை ஆத்திரம் தாங்கவில்லை. காரணம் மானியம்.

மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து அந்த ஆலைக்குச் சுமார் 8.8 கோடி யூரோ கொடுத்திருந்தன. மாநில முதல்வர் யூர்கன் ரூட்கர்ஸ், நோக்கியாவை மானியம் மேயும் வெட்டுக்கிளி என்றார். நிதியமைச்சர் பேர் ஸ்டைன்ப்ரூக், கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு இடம் இடமாகப் போகும் முதலாளித்துவம் என்ற பொருளில் திட்டினார். அமைச்சர் ஹோர்ஸ்ட் ஸீஹோஃபர் தன் நோக்கியா போனையே திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். ஜனவரி 22 அன்று சுமார் பதினைந்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள்.

ஆனால் சட்டம் அரசியல்வாதிகளின் கோபத்தோடு ஓடவில்லை. மானிய ஒப்பந்தத்தில் இத்தனை பேருக்கு வேலை தரவேண்டும் என்று இருந்தது உண்மை. அந்தக் கட்டுப்பாட்டுக் காலம் 2006 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதும் உண்மை. அந்தக் காலத்திலும் சொன்ன எண்ணிக்கையை நோக்கியா எட்டவில்லை என்று சொல்லித்தான் மாநில அரசு பணத்தைத் திருப்பிக் கேட்டது. கேட்டது வட்டியோடு ஏறக்குறைய 6 கோடி யூரோ. பேரம் முடிந்து நோக்கியா ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கு என்று 2 கோடி கொடுத்தது.

தொழிலாளர் பக்கம் கிடைத்தது அதைவிடப் பெரியது. சங்கமும் ஊழியர் மன்றமும் பேசி வாங்கிய இழப்பீட்டுத் தொகுப்பு 20 கோடி யூரோ. தலைக்குச் சராசரியாக 80,000-க்கு மேல் வருகிறது. அத்தோடு ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. வேலை போனவர்களை ஒரு இடைக்கால நிறுவனம் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதிகபட்சம் ஓராண்டு வரை அங்கே சம்பளத்தில் ஒரு பங்கும் பயிற்சியும் கிடைக்கும். போஹுமிலும் அது அமைந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2009-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாக்கல் நிதியிலிருந்து 1,337 பேருக்காகச் சுமார் 55 லட்சம் யூரோ கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நல்ல இழப்பீடு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் மறுபடி காலூன்றத் தனி உதவி தேவைப்பட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

இதற்கிடையே கனடாவின் பிளாக்பெர்ரி நிறுவனம் போஹுமில் ஆய்வு மையம் திறந்தது. நோக்கியாவின் ஆய்வுப் பிரிவிலிருந்த பொறியாளர்கள் பலர் அங்கே போனார்கள். 2014-ல் அந்த மையத்தை ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. இந்தச் செய்தியைக் காட்டி, பார்த்தீர்களா, ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறக்கிறது என்று எழுதியவர்கள் உண்டு. கதவு திறந்தது பொறியாளருக்கு. அசெம்பிளி லைனில் நின்றவருக்கு அது வேறு வீட்டுக் கதவு.

இப்போது நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2005 தொடக்கத்தில் ஜெர்மனியில் வேலையில்லாதவர்கள் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். போஹும் ஆலை மூடிய 2008-லேயே, அக்டோபரில், அது 30 லட்சத்துக்குக் கீழே வந்தது. ஜெர்மனி என்ற நாட்டின் புள்ளிவிவரத்தில் போஹும் ஒரு கீறல்கூட இல்லை. நிபுணர்கள் சொல்வது பொய் இல்லை. அவர்கள் எதை அளக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இரண்டு சதவீதம்

இதற்கு மிக நல்ல விடை பின்லாந்திலிருந்தே வந்தது. எட்லா என்ற அந்நாட்டுப் பொருளாதார ஆய்வு நிறுவனம், 2007-ல் விற்ற நோக்கியா என்95 போனை எடுத்து, அதன் மதிப்பில் எந்தப் பங்கு எந்த நாட்டில் தங்குகிறது என்று துருவிப் பார்த்தது. அந்த போன் பின்லாந்திலும் சீனாவிலும் அசெம்பிளி ஆனது. ஐரோப்பாவிலேயே அசெம்பிளி செய்து ஐரோப்பாவிலேயே விற்றால் மதிப்பில் 68 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கியது. சீனாவில் அசெம்பிளி செய்து அமெரிக்காவில் விற்றாலும் 51 சதவீதம் ஐரோப்பாவுக்கே வந்தது. கடைசி அசெம்பிளி வேலைக்குரிய பங்கு வெறும் 2 சதவீதம்.

வெளிநாட்டுக்கு வேலை அனுப்புவதை ஆதரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. போனது இரண்டு சதவீதம், அதற்கா இத்தனை கூச்சல் என்று கேட்கலாம், கேட்டார்கள். நான் இதே எண்ணை மறுபக்கமிருந்து படிக்கிறேன். லைனில் நிற்பவரின் சம்பளம் முழுவதும் அந்த இரண்டு சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் தங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட சதவீதம் வடிவமைப்பாளருக்கும் மென்பொருள் ஆளுக்கும் காப்புரிமைக்கும் விளம்பரத்துக்கும் பங்குதாரருக்கும் கடைக்காரருக்கும் போகிறது. நாட்டின் பங்கு குறையவில்லை என்பதும், அந்த நாட்டின் ஆலைத் தொழிலாளியின் பங்கு பூஜ்யமாகிவிட்டது என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள்.

ஜூகு

ருமேனியாவின் க்ளுஜ் நகருக்குப் பக்கத்துக் கிராமம். அரசு செலவில் தொழிற்பேட்டை, சாலை, மின்சாரம் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். நோக்கியா சுமார் 6 கோடி யூரோ முதலீட்டில் ஆலை கட்டி 2008 தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்தது. 2011 செப்டம்பர் 29 அன்று மூடுவதாக அறிவித்தது. அப்போது 2,200 பேர் வேலையில் இருந்தார்கள். நான்கு ஆண்டுகூட முழுசாக ஓடவில்லை.

கூலி அதிகம் என்று போஹுமில் சொன்ன காரணம் இங்கே செல்லாது. உதிரி பாகம் தருபவர்கள், வாங்குபவர்கள் எல்லாரும் ஆசியாவில் இருக்கிறார்கள், அங்கேயே செய்வதுதான் வேகம் என்றார்கள். அதற்கும் பின்னால் இருந்த பெரிய காரணம், நோக்கியா போன் விற்கவில்லை. 2008-ல் உலகில் விற்ற பத்து போனில் ஏறக்குறைய நான்கு நோக்கியா. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபின் அந்த இடம் கரையத் தொடங்கியிருந்தது. ஜூகுவின் அதிர்ஷ்டம், க்ளுஜ் அப்போது வளர்ந்துகொண்டிருந்த நகரம். காலி ஆலையை 2012-ல் இத்தாலியின் டெலோங்கி வாங்கி காபி இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனமும் அதே ஜூகுவில் ஆலை கட்டியது. நான்கு ஊர்களில் விரைவாக எழுந்து நின்றது இதுதான். கூலி குறைவு என்பதும் ஆள் கிடைப்பார்கள் என்பதும் அதற்குக் கைகொடுத்தன, மறுக்கவில்லை. கட்டடம், சாலை, மின் இணைப்பு மூன்றும் தயாராக இருந்ததும் கைகொடுத்தது.

சலோ

பின்லாந்தில் கதை இன்னும் விசித்திரம். 1990-களின் நடுவிலிருந்து நோக்கியா பெய்ஜிங், டோங்குவான், கொமாரோம், சென்னை என்று வெளியே ஆலை கட்டிக்கொண்டே போனது. அதே காலத்தில் பின்லாந்திலும் அதன் வேலை குறையவில்லை. அசெம்பிளி வெளியே போக, ஆய்வும் வடிவமைப்பும் உள்ளே வளர்ந்தன. வெளிநாட்டில் ஆள் எடுக்கும் நிறுவனம் உள்நாட்டிலும் ஆள் எடுக்கும் என்ற வாதத்துக்கு அன்றைய பின்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது போன் விற்கும்வரை நடந்த கணக்கு.

2012 பிப்ரவரியில் சலோ, கொமாரோம், ரெய்னோசா மூன்றிலும் சேர்த்து 4,000 வேலைகள் போகும் என்றார்கள். ஜூனில், உலகம் முழுவதும் 10,000 பேரைக் குறைக்கும் அறிவிப்போடு, சலோ ஆலையை முழுவதும் மூடுவதாகச் சொன்னார்கள். மிஞ்சியிருந்த ஆய்வுப் பிரிவையும் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் 2015-ல் மூடியது. ஆலை வேலைதான் வெளியே போகும், மூளை வேலை வீட்டில் தங்கும் என்ற நம்பிக்கை சலோவில் உடைந்தது. அதை உடைத்தது வெளிநாட்டுத் தொழிலாளி அல்ல, கலிஃபோர்னியாவிலிருந்து வந்த போட்டி. ஊர்க்காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஆனால் கொள்கை வகுப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். வேலை போவதைத் தடுக்கச் சட்டம் போட்டிருந்தாலும் சலோ தப்பியிருக்காது.

ஒரு விஷயத்தில் நோக்கியாவைப் பாராட்டத்தான் வேண்டும். போஹுமில் பட்ட அடி அதற்கு உறைத்திருந்தது. இழப்பீடு ஒரு பக்கம், ஜெர்மனியில் நோக்கியாவை வாங்க மறுத்தவர்களால் விழுந்த விற்பனை இன்னொரு பக்கம். அதனால் 2011-ல் 'பிரிட்ஜ்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். வேலை போகும் தேதிக்கு மாதக்கணக்கில் முன்பே ஆட்களிடம் பேசி, நிறுவனத்துக்குள் வேறு வேலையா, வெளியே வேலையா, படிப்பா, சொந்தத் தொழிலா என்று தேர்ந்தெடுக்க வைத்து, தொழில் தொடங்க விதைப்பணமும் கொடுத்தார்கள். 13 நாடுகளில் 18,000 பேர் இதன் வழியாகப் போனார்கள். ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு, கடைசி நாளன்று அடுத்து என்ன என்று தெரிந்திருந்தது. சுமார் ஆயிரம் சிறு நிறுவனங்கள் முளைத்தன. செலவு 5 கோடி யூரோ. இது இழப்பீட்டுக்கு மேல் போன செலவு என்பதால் போஹுமின் 20 கோடியோடு நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரு ஆளுக்கு மூவாயிரம் யூரோவுக்கும் குறைவான செலவில் இவ்வளவு செய்ய முடிந்தது.

ஸ்ரீபெரும்புதூர்

மற்ற மூன்று ஊர்களில் வேலை போனபோது அது வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று நம் ஊர். 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் 200 ஏக்கருக்கு மேல் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டல அந்தஸ்து, வரிச் சலுகைகள். உச்சத்தில் நோக்கியாவில் மட்டும் எட்டாயிரம் பேர் வரை. சுற்றிலும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப் போன்ற துணை நிறுவனங்களையும் சேர்த்தால் கால் லட்சத்துக்குக் குறையாது. பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், அதிலும் பெண்கள் நிறைய. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்து, கம்பெனி பஸ் ஏறி, ஷிப்டுக்குப் போய், வீட்டில் முதல் மாதச் சம்பளம் கொடுத்த தலைமுறை.

போஹும்காரர் இழந்த வேலையை இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று பார்ப்பது தப்பு. அந்த வேலை போஹுமில் இருந்த வடிவத்தில் இங்கே வரவே இல்லை. சம்பளம் வேறு, வேலைப் பாதுகாப்பு வேறு. 2010 ஜனவரியில் நோக்கியாவில் வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு ஃபாக்ஸ்கானில் சம்பளமும் சங்க அங்கீகாரமும் கேட்டுப் போராடியவர்களில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அக்டோபர் 31 அன்று நோக்கியா ஆலையில் ஒரு இளம்பெண் ஊழியர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். வேலை கடல் தாண்டும்போது அதோடு சேர்ந்து வராதவை என்னென்ன என்று எழுத ஆரம்பித்தால் பட்டியல் நீளும்.

முடிவும் இங்கே வேறு மாதிரி வந்தது. 2013 ஜனவரியில் வருமான வரித் துறை ஆலையில் சோதனை போட்டது. பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணம் ராயல்டி, அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் வாதம். முதல் நோட்டீஸே 2,000 கோடி ரூபாய்க்கு மேல். சொத்துகள் முடக்கப்பட்டன. உள்நாட்டில் விற்ற போன்களுக்காக மாநில அரசும் 2,400 கோடி கேட்டது. 2013 செப்டம்பரில் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. சென்னை ஆலையைக் கைமாற்ற 3,500 கோடி உத்தரவாதம் வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏப்ரல் 25-ல் விற்பனை முடிந்தது. நோக்கியாவின் பெரும்பாலான ஆலைகள் கைமாற, சென்னை ஆலை தனியாக நின்று மைக்ரோசாஃப்டின் ஆர்டருக்கு போன் செய்தது.

அப்போது சுமார் 6,600 நிரந்தர ஊழியர்கள் இருந்தார்கள். விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டார்கள். விருப்பம் என்று பெயர்தான், மைக்ரோசாஃப்ட் ஆர்டர் நிற்கப்போகிறது என்று தெரிந்தபின் விரும்பாமல் என்ன செய்வது? மிஞ்சியவர்கள் நவம்பர் 1 வரை இருந்தார்கள். அன்றோடு உற்பத்தி நின்றது. டிசம்பரில் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது, அங்கே சுமார் 1,700 பேர். நோக்கியாவின் பழைய லைன்களை மைக்ரோசாஃப்ட் வியட்நாமில் குவித்தது. 2016-ல் அந்த ஆலையையும் ஃபாக்ஸ்கான் குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

ஆக, நம் ஊரில் வேலையைக் கொன்றது மலிவு கூலி தேடல் இல்லை. இந்தியக் கூலி யாருக்கும் அதிகமாகத் தெரியவில்லை. ஒரு வரி வழக்கும் ஒரு நிறுவன விற்பனையும் கெட்ட நேரத்தில் மோதிக்கொண்டன. வரித் துறை கேட்டது நியாயமா இல்லையா என்பது தனி விவாதம், 2018-ல்தான் இரு நாட்டு அரசுகளும் பேசி அதை முடித்தன. ஆனால் ஆலை கைமாறும் பாதையை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஆறாயிரம் பேருக்கு மாற்று என்ன என்று யோசிக்கும் பொறுப்பு எந்த அலுவலகத்தின் மேஜையிலும் இல்லை. போஹுமில் மாநில அரசே பேரம் பேச உட்கார்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இதற்கென்றே ஒரு நிதி இருந்தது. இங்கே தொழிலாளர்கள் கையில் கிடைத்தது ஒரு காசோலை. அதையும் தாண்டி வேலை தேடும்போது, ஐந்தாறு ஆண்டு லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே பாகத்தைச் சோதித்த அனுபவத்தை எந்தச் சான்றிதழும் திறமை என்று காட்டவில்லை. அடுத்த கம்பெனியில் மறுபடியும் பயிற்சியாளராகத்தான் ஆரம்பிக்க வேண்டும், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட்டு.

கெடுதல் எங்கே விழுகிறது

நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, வேலை எந்த நாட்டுக்குப் போனது என்பது சேதத்தின் அளவை முடிவு செய்யவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. போஹுமின் வேலை ருமேனியாவுக்கும், ஜூகுவின் வேலை ஆசியாவுக்கும் போயின. ஜூகு சீக்கிரம் மீண்டது, போஹும் மெதுவாக. சேதத்தை முடிவு செய்தவை வேறு: மூடும் செய்தி எத்தனை மாதம் முன்பு வந்தது, கையெழுத்திட்ட ஒப்பந்தம் நிரந்தரமா ஏஜென்சியா, வயது இருபத்தைந்தா ஐம்பதா, பக்கத்தில் வேறு ஆலை உண்டா இல்லையா.

அமெரிக்காவில் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் மூவரும் சீன இறக்குமதியால் அடிபட்ட மாவட்டங்களை ஆராய்ந்து சொன்னதும் இதோடு பொருந்துகிறது. பாடப் புத்தகம், ஒரு ஊரில் வேலை போனால் ஆட்கள் வேறு ஊருக்கு நகர்வார்கள் என்கிறது. அவர்கள் கண்டது, ஆட்கள் அவ்வளவாக நகரவில்லை. வேலையின்மையும் குறைந்த சம்பளமும் பத்தாண்டுக்கு மேல் அதே ஊர்களில் தங்கின. வீடு, கடன், வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளை எல்லாம் ஒரு ஊரில் வேர்விட்டபின் தொழிலாளி நகர்வது எளிதல்ல. போஹுமில் ஓப்பல் ஆலை 2014 டிசம்பரில் மூடி இன்னும் மூவாயிரம் பேர் வெளியே வந்தபோது, முதல் அடியிலிருந்து எழுந்தவர்கள் தேடிக்கொண்டிருந்த அதே வேலைச் சந்தைக்குத்தான் அவர்களும் வந்தார்கள்.

இன்னொன்று. நான்கு ஊர்க் கணக்கிலும் நான் மேலே கொடுத்த எண்கள் பெரும்பாலும் நிரந்தர ஊழியர்களுடையவை. போஹுமின் ஏஜென்சி ஆட்களுக்கு அந்த 20 கோடியில் பங்கில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர், கேன்டீன், பஸ் ஓட்டுநர் யாரும் விருப்ப ஓய்வுப் பட்டியலில் இல்லை. இழப்பீட்டைப் பற்றிய எந்த வாதமும் இவர்களைத் தொடாமலே முடிந்துவிடுகிறது.

பூட்டிக் கிடந்த நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. ஆப்பிளுக்கு சார்ஜர் செய்யும் நிறுவனம். ஒரு காலத்தில் நோக்கியாவின் கையிலேயே இருந்த பின்லாந்து நிறுவனம்தான், இப்போது சீன உரிமையாளர் கையில். ஃபாக்ஸ்கான் அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறது, பழைய நோக்கியாவை விடப் பல மடங்கு ஆட்களோடு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்ததாரர்கள் மூலம் எடுக்கப்பட்டவர்கள் என்பது வெளியே பலருக்குத் தெரிந்தது. சீனாவிலிருந்து ஐபோன் வேலை இங்கே நகர்வதைக் கொண்டாடும் செய்திகள் வாரம் ஒன்று வருகின்றன. இந்த லைன்களும் ஒரு நாள் நகர்ந்தால், ஒப்பந்ததாரர் கணக்கில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு 2014-ல் நோக்கியாக்காரர்களுக்குக் கிடைத்த காசோலைகூடக் கிடைக்குமா என்று அந்தச் செய்திகளில் எங்கும் எழுதியிருப்பதில்லை.